பாதமும் ஒரு ஸ்பிரிங் பட்டைதான்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் நொண்டிக்கொண்டே மேடை ஏறியதைப் பார்த்து, "என்னடா, வண்டியிலேர்ந்து விழுந்துட்டியா?" என்று முன்வரிசையில் கேட்டார்கள். விழவில்லை. நடந்தேன், அவ்வளவுதான்! இரண்டு வருடத்தில் இரண்டு தடவை பாத எலும்பு விரிசல் விட்டது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதன் காரணம் புரியாமல் போனதுதான் வெட்கம்.

எடப்பாடி அன்பர்கள் தைப்பூசத்தையொட்டிப் பழனிக்குக் காவடியோடு நடப்பதை அறிவீர்கள். பழக்கமில்லாத நானும் வெறுங்காலோடு சேர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் விரல்களுக்குப் பின்னால் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஊர் திரும்பி எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் இரண்டாவது விரலுக்கு நேரான பாத எலும்பில் விரிசல் தெரிந்தது.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஒடிந்த ஸ்பிரிங் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒடிந்த முகத்தில் ஒரு பகுதி சிப்பி ஓடு மாதிரி வரிவரியாக இருக்கும். அது பழைய விரிசல். மற்றது புதிதாகச் சொரசொரப்பாக இருக்கும். கடைசி லோடு மட்டும் அதை ஒடிக்கவில்லை. பல்லாயிரம் குலுக்கல்கள் சேர்ந்து ஒடித்தன. பாதமும் அப்படித்தான். 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட், சிப்பாய்களின் பாதம் வீங்குவதைப் பற்றி எழுதினார். அது எலும்பு முறிவு என்பது, எக்ஸ்ரே வந்த பிறகு 1897-ல்தான் தெரிந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. இரும்பு தன்னைத்தானே சரிசெய்து கொள்ளாது, எலும்பு செய்துகொள்ளும். ஆனால் முதலில் பழுதான இடத்தைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாக நிரப்பும். நிரப்பப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு பலவீனமாக இருக்கும். நான் அப்போதுதான், வலி போய்விட்டதே என்று காலை ஓட்டம் தொடங்கினேன். மறுபடியும் விரிசல்! ரத்தம் சோதித்ததில் வைட்டமின் டி-யும் குறைவு. வெயில் கொளுத்தும் சேலத்துக்காரனுக்கு! நாள் முழுக்க ஆபீஸுக்குள் இருந்தால் வேறென்ன?

முன்பாத வலியெல்லாம் விரிசல் அல்ல. அடிப்பாதம் பரவலாக வலித்து, மெத்தென்ற செருப்பு போட்டால் குறைந்தால் அது பெரும்பாலும் அழுத்தத்தால் வருவது. பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்து, வீங்கி, நடந்தால் கூடினால் விரிசலைச் சந்தேகியுங்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு கொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் எலும்பின் சத்தைச் சோதியுங்கள்.

நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைத்தவர். வலி தெரியாமல் காயத்தின் மேலேயே நடப்பதுதான் அவர்கள் பாதத்தைப் பெரிதும் அழிக்கிறது என்று அவர் காட்டினார். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் இதே ஆபத்து. ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாக வீங்கினால், வலிக்காவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அவர்களுக்கு வலி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நடந்தேன். நீங்கள் அப்படி நடக்காதீர்கள். அடுத்த சந்திப்பில் நொண்டாமல் வருகிறேன்.