பதிவேட்டுக்கு இடும் கட்டளை



பிற மாநிலங்களில் நாம் நடத்திவரும் சங்கங்கள் பலவற்றின் அங்கத்தினர் பதிவேடு இன்று கணிப்பொறியில் தரவுத்தளமாக இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளோர் பட்டியலை மாதந்தோறும் ஒருவர் அமர்ந்து தேடி எடுக்க வேண்டுவதில்லை. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், குறித்த நாளில் கணிப்பொறி தானே அவற்றை நடத்திக் கொடுத்துவிடும். ஸ்கிரிப்ட் என்று சொல்வது இதனையே.

போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் 1986-ல் தொடங்கிய முயற்சி அது. இன்று விலையின்றிக் கிடைக்கிறது. அதனோடு கட்டளை வரியில் பேச உதவும் கருவி பி-எஸ்-க்யூ-எல். எந்தக் கணிப்பொறி, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர் என்பவற்றைக் கட்டளையிலேயே எழுதலாம். கடவுச்சொல்லை எழுதலாகாது, அக்கணிப்பொறியில் பணிபுரியும் பிறர் கண்ணிலும் அது படக்கூடும். அதற்கென்றே பயனரின் சொந்த அடைவில் '.பிஜிபாஸ்' என்ற கோப்பு உண்டு. லினக்ஸில் அதன் அனுமதி 0600 என்பதைவிடத் தளர்ந்திருந்தால், கருவி அக்கோப்பை ஏறெடுத்தும் பாராது. நல்ல கண்டிப்புத்தான்!

இனி, வினாவுக்கு வருவோம். மும்பையிலும் கோவாவிலும் டிஸோஸா என்ற குடும்பப் பெயர் சாதாரணம். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தை அடுத்து ஒரு மேற்குறி வருவதுண்டு. தரவுத்தள மொழியில் பெயர்களை அடைப்பதும் அதே குறியே. ஆகவே பெயரை அப்படியே வினாவில் ஒட்டினால் வினா பாதியில் அறுந்துபோகும். தீய எண்ணமுடையவர் அக்குறியை அடுத்து அழிக்கும் கட்டளை ஒன்றையே பெயரென்று எழுதித் தரவும் கூடும். பெயரை '-வி' என்ற குறிப்பின் வழியே தனியாக அளித்து, கோப்பிலுள்ள வினாவில் :'பெயர்' என்று எழுதினால், மேற்குறிகளைக் கருவியே ஒழுங்காகக் கவனித்துக்கொள்ளும்.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. பழைய பதிவுகளை வேறிடத்தில் நகலெடுத்துப் பின்பு அழிக்குமாறு இரண்டு கட்டளைகள் எழுதுகிறோம். நகலெடுப்பது தவறினாலும், நாம் வேறு சொல்லாதவரை, கருவி நில்லாமல் அடுத்த வரிக்குச் சென்று அழித்துவிடும். இருபது ஆண்டுச் சந்தாக் கணக்கு அந்த ஒரு நொடியில் போய்விடலாம். 'ஆன்_எர்ரர்_ஸ்டாப்' என்பதைக் கோப்பின் தலையிலேயே இயக்கிவிட்டால், பிழை நேர்ந்த இடத்திலேயே அது நின்று, 3 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அவ்வெண் வந்தால் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புமாறு ஸ்கிரிப்டில் இன்னும் ஒரு வரி சேர்ப்பது எளிது.