புதுவீடும் தண்ணீரும்
(ஜுமுஆ உரை)

 

 

நம் மஹல்லாக்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற சகோதரர்கள் பல ஆண்டுகள் வெயிலில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டுகிறார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை என்று எத்திசை நோக்கினும் புதுவீடுகள் எழுகின்றன. அங்கிருந்தபடியே கைப்பேசியில் படம் பார்த்துத் தரைக்கல், ஷவர், கைகழுவும் தொட்டி, கீசர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் குறை காண ஒன்றுமில்லை. ஹலாலான சம்பாத்தியத்தில் மனைவி மக்களுக்கு நல்ல இல்லம் அமைத்துக் கொடுப்பது நன்மையான காரியமே. ஆனால் அந்தக் குழாய்களுக்குள் எந்த நீர் ஓடப்போகிறது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே உண்டாக்கியதாக அல்லாஹ் தன் திருமறையில் (21:30) அறிவிக்கிறான். அந்நீரை ஓர் அளவோடு வானிலிருந்து இறக்கிப் பூமியில் தங்கவைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் (23:18) எச்சரிக்கிறான். நீர் நிலத்தடியில் ஆழ்ந்து போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவன் யார் என்ற கேள்வியோடுதான் அல்முல்க் அத்தியாயம் நிறைவடைகிறது. அவ்வத்தியாயத்தை இரவுதோறும் ஓதுகின்ற நாம், பகலில் 1000 அடியைத் தாண்டியும் போர்வெல் இறக்கிக்கொண்டிருக்கிறோம்!

துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து உப்பை நீக்கிய நீர். அதில் சுண்ணச் சத்து மிகக் குறைவு. நம் மாவட்டத்துப் போர்வெல் நீரோ கருங்கல் பாறையின் வெடிப்புகளுக்குள் நெடுங்காலம் தங்கி, பாறையிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அங்கே பத்தாண்டுகள் பளபளத்த அதே ஷவர் இங்கே ஓராண்டில் வெண்படிவம் பூத்து, துளைகள் அடைத்து, ஒரு பக்கமாகப் பீய்ச்சும். சுவருக்குள் புதைத்த கலவைக் குழாய்கள் இறுகிப்போனால் பளிங்கை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே அங்கே பார்த்ததை இங்கே அப்படியே பொருத்துவது பணத்தைப் பாறையில் கொட்டுவதாகும்.

சகோதரர்களே! ஷவர் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது ஒன்று உண்டு. அது நம் பிள்ளைகளின் பல்லும் எலும்பும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு மிகுந்திருக்கிறது. இது பாறையிலிருந்தே நீரில் கலப்பது. யாரும் கொண்டுவந்து கொட்டியதன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் போனால், நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்திலேயே அவை பழுதுபட்டு, பின்னர் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்புக் கறையுமாக முளைக்கின்றன. அளவு மிகுந்து ஆண்டுகள் பல கடந்தால் மூட்டுகள் இறுகும், முதுகு வளையும். அந்நிலையைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்குத் தெரியும் சுவையுமில்லை. தெளிந்த நீர், இனிக்கும் நீர் என்று நாம் புகழும் கிணற்றிலும் அது இருக்கலாம்.

இக்கேட்டைக் கருதித்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி, 1928 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பீட்டில் நிறைவேற்றப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் மலையேறி நம் இரு மாவட்டங்களுக்கும் வருகிறது. இது நமக்குக் கிடைத்த பெரும் நிஃமத். அந்த நிஃமத்தை நம் வீட்டு வாசலில் நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? குழாயில் வரும் காவிரி நீரையும் போர்வெல் நீரையும் ஒரே சம்ப்பில் விட்டுக் கலந்துவிடுகிறோம்! அரசு பல கோடி செலவிட்டுப் பிரித்துத் தந்ததை ஒரு வால்வைத் திறந்து வீணாக்குகிறோம்.

எனவே வீடு கட்டும் சகோதரருக்கு நான் வலியுறுத்திச் சொல்வது இதுதான்: இரண்டு நீருக்கு இரண்டு தொட்டி, இரண்டு குழாய்வழி. காவிரி நீர் சமையலறைக்கு மட்டும் தனியாகப் போகட்டும்; போர்வெல் நீர் குளிக்க, துவைக்க, கழிப்பறைக்குப் போகட்டும். சுவர் பூசுவதற்கு முன் இதைச் செய்தால் கூடுதல் செலவு சிறிதே. குடியேறிய பிறகு செய்ய நினைத்தால் வீட்டையே உடைக்க வேண்டியிருக்கும். பிளம்பர் வழக்கம்போல் ஒரே வழியைத்தான் போடுவார். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காவிரி நீர் எட்டாத புதிய மனைப்பிரிவில் வீடு என்றால் என்ன செய்வது? முதலில் நீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கட்டணம் செலுத்தினால் ஃப்ளோரைடு, கடினத்தன்மை, கரைந்துள்ள மொத்த உப்பு, நைட்ரேட் ஆகியவற்றை அளந்து எழுத்தில் தருவார்கள். சுத்திகரிப்புக் கருவி விற்பவர் கையோடு கொண்டுவரும் சிறு மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். ஃப்ளோரைடை அது அறியாது. தென்பெண்ணையின் கரையோரத்தில், குறிப்பாகக் கெலவரப்பள்ளி அணைக்கு அருகிலோ சிப்காட் பகுதியை ஒட்டியோ மனை வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நந்திமலையில் பிறந்து பெங்களூருப் பக்கத்தின் கழிவுகளைச் சுமந்துவரும் அந்த ஆறு அணையின் மதகில் வெண்ணுரையாகப் பொங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவர்கள் உலோகக் கலப்பையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லட்டும்.

ஃப்ளோரைடு கூடுதல் என்று அறிக்கை வந்தால், காய்ச்சிக் குடித்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகும். ஃப்ளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். மெழுகுவத்தி வடிவிலான பீங்கான் வடிகட்டியும், புற ஊதா விளக்கு மட்டுமுள்ள கருவியும் கிருமிக்குத்தான் பயன்படும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் சுண்ணத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும். கீசருக்கும் சலவை இயந்திரத்துக்கும் நல்லது, ஃப்ளோரைடுக்கு அதனால் பயனில்லை. இதற்கு உதவுவன ஆர்.ஓ. முறையும், முறைப்படி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியும்தான்.

ஆர்.ஓ.வில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாக வெளியேறும். ஆகவே தேவை இருந்தால் மட்டும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வையுங்கள். மாடித் தொட்டி முழுவதற்கும் ஆர்.ஓ. போட்டுக் குளிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். அது செல்வச் செழிப்பன்று, இஸ்ராஃப். வெளியேறும் நீர் மார்க்கத்தின் பார்வையில் அசுத்தமானதன்று. வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் வைக்க வேண்டாம். நீக்கப்பட்ட ஃப்ளோரைடு முழுவதும் அதில்தானே இருக்கிறது. வாயற்ற பிராணிகளின் எலும்பையும் அது தாக்கும்.

அடுத்து, உளூச் செய்யும் இடம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததாகவும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு முத்து என்பது இன்றைய கணக்கில் முக்கால் லிட்டரை ஒட்டிய அளவு. நாம் குழாயைத் திறந்துவிட்டுச் செய்கிற உளூவை ஒருநாள் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்தால் 16 லிட்டர். ஐவேளைக்கு 80. ஐவர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 400 லிட்டர்! ஓடும் நதிக்கரையிலும் விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியதாக இப்னு மாஜாவில் வரும் செய்தியின் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு. எனினும் உளூவில் வீண்விரயம் வெறுக்கத்தக்கது என்பதை ஃபிக்ஹு நூல்கள் ஒருமுகமாகச் சொல்கின்றன.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. குழாயின் வாயில் காற்றைக் கலக்கும் சிறு சல்லடை ஒன்றைத் திருகிவிட்டால் நீர் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கைக்கு நிறைவாகவே விழும். உப்பு படியும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றிக் காடியில் ஊறவைக்க வேண்டும். கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கிக் கழுவும்போது முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதை நாம் கேள்விப்படுகிறோம். உட்கார்ந்து செய்யத் தாழ்வான ஒரு திண்ணையும் குழாயும் வைத்துவிடுங்கள். அந்த நீர் சாக்கடையில் சேராமல் தனிக் குழாய் வழியே தென்னைக்கோ வாழைக்கோ போகட்டும். உளூவுக்குப் பயன்பட்ட நீரால் மீண்டும் உளூச் செய்ய முடியாதே தவிர, அது தூய்மையான நீர்தான்.

கழிப்பறையின் திசையை வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள். கிப்லாவை முன்னோக்கியும் பின்னோக்கியும் அமர்வதைத் தடுத்த ஹதீஸை அபூ அய்யூப் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கட்டடத்துக்குள்ளும் இத்தடை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் மறைப்பு இருந்தால் அனுமதி உண்டு, தவிர்ப்பதே சிறப்பு. நம் பகுதிக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருப்பதால், கமோடு வடக்கு தெற்காக அமைந்தால் பிரச்சினை இல்லை. ஃப்ளஷ் தொட்டி வாங்கும்போது 3 லிட்டர், 6 லிட்டர் என இரு பொத்தான் உள்ளதைப் பாருங்கள். பழைய தொட்டிகள் ஒவ்வொரு முறையும் 10 லிட்டருக்கு மேல் இறைத்தவை.

சம்ப்புக்கும் மாடித் தொட்டிக்கும் இறுக்கமான மூடி வேண்டும். எலியோ பல்லியோ விழுந்து இறந்தால் ஆரோக்கியமும் கெடும், தூய்மையும் கெடும். நம் வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் ஹனஃபிகள் கூறும் பத்துக்குப் பத்து முழ அளவை எட்டுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். கழிவுநீர்த் தொட்டியைப் போர்வெல்லுக்கு 50 அடிக்குக் குறையாத தொலைவில் அமையுங்கள். உங்களுடைய போர்வெல்லை மட்டும் சொல்லவில்லை. சுவருக்கு அப்பால் அண்டைவீட்டாரின் போர்வெல் எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

தரிசு நிலத்தில் ஒருவர் தோண்டிய கிணற்றைச் சுற்றி நாற்பது முழ எல்லைக்குள் இன்னொருவர் தோண்டக் கூடாதென்று நம் இமாம்கள் சட்டம் வகுத்தார்கள். அக்காலக் கிணறுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 1000 அடி ஆழத்தில் பாறை வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை முழக்கோலால் அளக்க முடியாது. நாம் இறக்கிய மறுவாரம் பக்கத்து விதவைப் பெண்ணின் கிணறு வற்றினால் அதற்குச் சட்டம் நம்மைப் பிடிக்காமல் போகலாம். ஆகவே எடுப்பதற்கு முன் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அது கட்டட அனுமதிக்காக நட்டுவைத்த ஒரு வெறும் குழாயாக நிற்கிறது! 1000 சதுர அடி மாடியில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 74 ஆயிரம் லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக அறுபதாயிரமாவது நிலத்துக்குள் இறங்கும். மழை நீரில் ஃப்ளோரைடும் இல்லை, சுண்ணமும் இல்லை. தூய தொட்டியில் பிடித்து வடிகட்டிக் காய்ச்சினால் சமையலுக்கே ஆகும்.

நீர் கிடைக்காத போர்வெல்லைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படிப்பட்ட ஒரு குழியில் விழுந்து, நாட்கணக்கில் மீட்க முயன்றும் இறந்துபோனதை நாடே பார்த்தது. அன்றைக்கே இரும்பு மூடி போட்டுத் திருகச் செய்துவிட்டுத்தான் ரிக் வண்டியை அனுப்ப வேண்டும். முறையாகச் சல்லடையும் கூழாங்கல்லும் இட்டால் அதையே மழைநீர் இறங்கும் கிணறாக மாற்றலாம்.

இறுதியாக, வாசலுக்கு வெளியே ஒரு குழாய் வையுங்கள். வழியோரத்தில் தன்னிடம் மிஞ்சியிருந்த நீரை வழிப்போக்கனுக்கு மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்ற ஹதீஸ் நாம் அறிந்ததே. உங்கள் தெருவில் ஆலை வேலைக்கு நடந்துபோகும் வெளிமாநிலத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாய்க்குக் காவிரி நீரை இணைக்க முடிந்தால் நலம். போர்வெல் நீர்தான் என்றால், இது கைகால் கழுவ மட்டும், குடிப்பதற்கன்று என்று தமிழிலும் உருதுவிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி மாட்டிவிட்டு, பக்கத்தில் குடிநீர்ப் பானை ஒன்றை வையுங்கள்.