விரதமும் உயிரணுவின் துப்புரவும்
(ஜுரு ஆலயத் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தைப்பூசத்திற்கும் கந்தசஷ்டிக்கும் விரதமிருப்பது நம் மரபு. விரதத்தால் எல்லா நோயும் தீரும் என்றும், அதற்கு நோபல் பரிசே கிடைத்துள்ளது என்றும் அண்மைக் காலமாகப் பலர் கூறுகின்றனர். இதில் உண்மை எவ்வளவு?

நம் உயிரணுக்களில் பழுதடைந்த புரதங்களும் தேய்ந்துபோன நுண்ணுறுப்புகளும் சேர்கின்றன. உயிரணு அவற்றை மெல்லிய சவ்வுப் பையில் அடைத்து, லைசோசோம் என்னும் செரிமான அறையோடு சேர்க்கிறது. அங்கே அவை சிதைந்து, மீண்டும் பயன்படும் மூலப்பொருள்களாகின்றன. 1963-இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் இதற்கு 'ஆட்டோஃபேஜி' எனப் பெயரிட்டார். தன்னைத்தான் உண்ணுதல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பட்டினியிட்டு ஆராய்ந்து, இதற்கு இன்றியமையாத மரபணுக்களைக் கண்டறிந்தார். 2016-இல் அவர் பெற்ற நோபல் பரிசு இச்செயல்முறையை விளக்கியமைக்கே; விரத சிகிச்சைக்கு அன்று.

இத்துப்புரவு குன்றினால் மூளை நரம்பணுக்களில் கழிவுப் புரதம் தேங்கும். பார்க்கின்சன் நோயில் அதனைக் காண்கிறோம். பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர், இத்துப்புரவைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள் எலிகளின் நரம்பணுக்களைக் காப்பதாக 2017-இல் வெளியிட்டனர். ஆயினும், வளர்ந்துவிட்ட புற்றுக்கட்டியும் இதே செயலால் பசியைத் தாங்கிப் பிழைத்துக்கொள்கிறது. எனவே, மிகுந்தால் நன்மையே என்று கூறுவதற்கில்லை.

உண்ட வேளையிலும் இத்துப்புரவு ஓரளவு நடந்துகொண்டேயிருக்கிறது, பசித்திருக்கையில் மிகுகிறது. ஆனால், மனிதர் இத்தனை மணி நேரம் பசித்திருந்தால் இன்ன நோய் தீரும் என்று அறிவியல் வரையறுக்கவில்லை.

இங்குதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியருள் வயதுவந்தோரில் 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு இனிப்புநீர் நோய் உள்ளது. இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாமல் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். விரதத்தை நம்பி மருந்தை நிறுத்துவதும் தீங்கே.

ஆகவே, மருந்துண்ணும் அன்பர்கள் காப்புக் கட்டுமுன் மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். முழு உபவாசம் ஆகாதெனில், பாலும் பழமும் உண்டு வழிபடலாம்; அதனால் பக்தி குறைந்துவிடாது. வீட்டிலுள்ள இளையோர் இதனைத் தம் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

அனைவரும் நலமுடன் வாழத் திருவருள் துணைநிற்பதாக.