அகன்ற சாலையும் அகலாத ஆபத்தும்



சாலையை அகலமாக்கிவிட்டால் சாவு குறையும் என்று சொல்லுகிறார்கள். அகலமாக்குவதை எதிர்க்க நான் வரவில்லை. உழவன் விளைவித்ததைச் சந்தையில் சேர்ப்பது சாலை; நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பது சாலை. அது வேண்டும். ஆனால் அகலம் வேறு, பாதுகாப்பு வேறு என்பதை எடுத்துக் கூறவே வந்துள்ளேன்.

அவர்கள் கூற்றில் பாதி உண்மை, ஒப்புக்கொள்வோம். நடுவிலே திட்டு எழுப்பி, போகும் வழியையும் வரும் வழியையும் பிரித்தால், எதிரெதிர் மோதல் குறையும். மறுபாதி என்ன? குறுகிய பாதையில் ஓட்டுபவனுக்கு அச்சமே காவலாக இருந்தது. வளைவு கண்டால் வேகம் குறைத்தான், எதிரே விளக்கொளி கண்டால் ஒதுங்கினான். பாதை விரிந்தது, பயம் சுருங்கியது! பலகை '80' என்கிறது. பாதையோ 'இன்னும், இன்னும்' என்று அழைக்கிறது. அவன் எதற்குச் செவி சாய்ப்பான்?

60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும்; 100 என்றால் 28 மீட்டர். பிரேக்கை மிதிக்குமுன்பே அவ்வளவு தொலைவு பறிபோகிறது! மோதினாலோ, தாக்கும் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் மிகை வேகத்தால் மாண்டனர் என்பது மத்திய அரசே தந்த கணக்கு. நாட்டுச் சாலைகளில் தேசிய நெடுஞ்சாலை நூற்றுக்கு 2 பங்குதான். சாவிலோ 36 பங்கு! போக்குவரத்து மிகுதி என்பர். மிகுதிதான், அதனால்தானே காவலும் மிகுதியாக வேண்டும் என்கிறோம்? ஆனால் 2018-இல் அதே அரசு, விரைவுச் சாலைகளில் கார்களின் வேக வரம்பை 120 ஆக உயர்த்திற்று. 2021-இல் அந்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது.

மாண்டவர் யார், தோழர்களே? நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர். 19 பேருக்கு மேல் நடந்து சென்றவர். வேகத்தின் இன்பம் ஒருவருக்கு. விலை கொடுப்பவர் வேறொருவர்!

இந்தப் பக்கம் குடிசை; அந்தப் பக்கம் வயல். நடுவே நாலுவழிச் சாலை. தலையிலே புல்லுக்கட்டுடன் நிற்கிறாள் ஒரு மூதாட்டி.

"சுரங்கப்பாதை வழியே போகலாகாதா, தாயே?"

"இருக்குதய்யா, ரெண்டு கல் தொலைவிலே!"

சாலை வருமுன் பத்தடியில் வயலை அடைந்தவள் அவள். அவளை நான்கு கல் சுற்றிவரச் சொல்வது முறையா? குறுக்கே ஓடினாள், அடிபட்டாள் என்றால், 'கவனக்குறைவு' என்று எழுதிக் கணக்கை முடிப்பது நீதியா?

ஆகவே கேட்கிறோம்: சாலையை விரிக்கும் திட்டத்திலேயே, மக்கள் கடக்கும் இடந்தோறும் பாதை இருக்கட்டும், ஊரை ஒட்டி அணுகுசாலையும் நடைபாதையும் விளக்கும் இருக்கட்டும், ஊருக்குள் வேகம் அடங்கும்படி சாலையின் அமைப்பே இருக்கட்டும். இவை பிறகு பார்த்துக்கொள்ளும் செலவல்ல, முதற்செலவு!

கழகத் தோழர்களே! உங்கள் ஊரில் மக்கள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். குறித்தெடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். அந்த மூதாட்டி அச்சமின்றி வயலுக்குப் போய்த் திரும்பும் நாளில்தான் சாலை அகலமாயிற்று என்று நாம் ஒப்புக்கொள்வோம்.