அரசு விருந்தினராக வந்த போப்: தொலைக்காட்சியும் தமிழ்ப் பார்வையாளரும்
(நெய்வேலியில் கூடிய ஊடகவியல் கருத்தரங்கின் தலைமை உரை)

போப் உலகக் கத்தோலிக்கரின் ஞானத் தந்தை. வத்திக்கான் நாட்டின் தலைவரும் அவரே. 1929-ல் இத்தாலியுடன் செய்துகொண்ட லாத்தரன் உடன்படிக்கை வத்திக்கானைத் தனி நாடாக்கியது. இந்தியாவுக்கும் போப்பின் திருப்பீடத்துக்கும் 1948 முதல் தூதரக உறவு உண்டு. ஆகவே அவர் ஒரு நாட்டுக்கு வந்தால் முப்படை அணிவகுப்பும் முழந்தாளிட்டு வேண்டும் மக்களும் ஒரே நாளில் காட்சிக்கு வந்துவிடுகின்றன. எதை எவ்வளவு நேரம் காட்டுவது, யாரை வருணனைக்கு உட்கார வைப்பது என்று தொலைக்காட்சி நிலையம் முடிவு செய்தாக வேண்டும். ‘அரசுச் செலவில் மதப் பிரசாரமா’ என்ற கோபமும், ‘எங்கள் தந்தையை வெறும் அரசியல் விருந்தாளியாகக் காட்டிவிட்டார்களே’ என்ற வருத்தமும் ஒரே ஒளிபரப்பிலிருந்து கிளம்புவது இந்த முடிவினால்தான். பொதுமக்களின் எதிர்வினையை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டியது, பார்த்தவர் கண்ணில் பட்டது நாட்டுத் தலைவரா, சமயத் தலைவரா என்பதுதான்.

இந்தியாவுக்கு முதலில் வந்த போப், ஆறாம் பவுல். அந்நாளைய தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஆறாம் சின்னப்பர் என்றனர். பம்பாயில் நடந்த அகில உலக நற்கருணை மாநாட்டுக்கு வந்த அவர், 1964 டிசம்பர் 2 முதல் 5 வரை அங்கே இருந்தார். அப்போது இந்தியாவில் டெல்லியில் மட்டுமே சோதனை முறையில் தொலைக்காட்சி இருந்தது. பம்பாய்க்கு அது 1972-ல்தான் வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அந்த வருகையை வானொலியில் கேட்டார்கள், நாளிதழில் படித்தார்கள், பின்னொரு நாள் திரையரங்கில் படத்துக்கு முன் ஓடிய செய்திச் சுருளில் பார்த்தார்கள். ஆயுதங்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை ஏழைகளுக்கான உலக நிதியாக்க வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோளும், தமக்குத் தரப்பட்ட காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துச் சென்றதும் மக்கள் மனத்தில் நின்றன. காட்சி தாமதமாக வந்ததால் சொல்லுக்கும் செயலுக்கும் மதிப்பு கூடியிருந்த காலம் அது.

நேரடி ஒளிபரப்பு இந்த வரிசையை மாற்றிவிட்டது. 1979 ஜூனில் இரண்டாம் ஜான் பால் தம் தாய்நாடான போலந்துக்குச் சென்றபோது, கம்யூனிஸ்ட் அரசின் தொலைக்காட்சி அவர் முகத்தையும், அருகே இருந்த கன்னியர்களையும் முதியவர்களையும் காட்டியது. திரண்டு நின்ற பெருங்கூட்டத்தைத் தவிர்த்தது. தெருவில் நின்றவர்களுக்குக் கூட்டத்தின் அளவு தெரியும். அதே நிகழ்ச்சியை வீட்டில் பார்த்தபோது கேமரா எதை ஒளித்தது என்பதும் தெரிந்தது. டேனியல் தயான், எலிஹு காட்ஸ் இருவரும் 1992-ல் வெளியிட்ட ஊடக நிகழ்வுகள் பற்றிய நூலில், வரலாற்றைத் திருப்பிய ஒளிபரப்புகளுள் ஒன்றாக இந்தப் பயணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். காட்டாமல் விட்டதும் மக்களிடம் எதிர்வினையை எழுப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதே இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரி 1 அன்று டெல்லியில் இறங்கினார். மண்ணை முத்தமிட்டார், ராஜ்காட்டில் காந்தியடிகளின் சமாதி முன் முழந்தாளிட்டு வேண்டினார். ராஞ்சி, கல்கத்தா, ஷில்லாங் வழியாகப் பிப்ரவரி 5, புதன்கிழமை சென்னைக்கு வந்தார். பரங்கிமலை, சாந்தோம் பேராலயம் ஆகிய இரண்டும் புனித தோமாவின் நினைவோடு பிணைந்தவை; இரண்டுக்கும் சென்றார். சென்னையில் பிற சமயத் தலைவர்களையும் சந்தித்தார். முதல்வராக எம்.ஜி.ஆர். இருந்த காலம்.

அன்று இருந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். அது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஒரு துறை. தன்னாட்சி அமைப்பான பிரசார் பாரதி 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1984 முதல் விறுவிறுவென்று நிறுவப்பட்ட குறைந்த திறன் மறு ஒளிபரப்பு நிலையங்கள் பலவும் டெல்லி நிகழ்ச்சியையே வாங்கிக் கொடுத்ததால், இந்தியிலோ ஆங்கிலத்திலோ வந்த வருணனையோடு சிறுநகரத்துத் தமிழர் அந்தக் காட்சிகளைப் பார்த்தார்கள். மொழி புரியாதவருக்குக் காட்சியே செய்தியாயிற்று. வெள்ளுடை அணிந்த ஒருவர் குனிந்து தரையை முத்தமிடுவதற்கு உரை தேவைப்படவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. மதமாற்றத்துக்கு அரசே வரவேற்பு வைக்கிறது என்று இந்து அமைப்புகள் சில குற்றம் சாட்டின. தமிழ்நாட்டில் இந்தக் குற்றச்சாட்டு விழுந்த மண் எப்படிப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1981-ல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் இஸ்லாத்துக்கு மாறியது நாடெங்கும் பேசப்பட்டது. 1982-ல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் உயிர்களைக் கொண்டுபோனது. நான்கே ஆண்டு கழித்துக் குமரி மாவட்டத்துக் கடலோரத்தில் ஒரு குடும்பம் பார்த்த போப்பும், சென்னை மயிலாப்பூரில் ஒரு குடும்பம் பார்த்த போப்பும் ஒருவராக இருந்திருக்க முடியாது. ‘தமிழ்ப் பார்வையாளர்’ என்று ஒருமையில் எழுதும் ஆய்வுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

இரண்டாம் ஜான் பால் மீண்டும் வந்த 1999 நவம்பரில் நிலைமை முற்றிலும் வேறு. அந்த ஆண்டு ஜனவரியில் ஒடிசாவில் கிறிஸ்தவ மறைப்பணியாளர் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டிருந்தனர். போப் நவம்பர் 5 அன்று டெல்லி வந்தபோது, மதமாற்றத்துக்கும் கோவாவில் நடந்த சமய விசாரணைக் கொடுமைகளுக்கும் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விசுவ இந்து பரிஷத்தும் அதன் தோழமை அமைப்புகளும் கோரின. வாஜ்பாய் அரசு அவரை நாட்டுத் தலைவருக்கு உரிய மரியாதையோடு வரவேற்றது. மறுநாள் குடியரசுத் தலைவர் மாளிகை முற்றத்தில் கே.ஆர். நாராயணன் அருகே நின்ற போப், 1986-ல் மண்ணை முத்தமிட்டவர்தானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தார். கை நடுங்கியது, நடை தடுமாறியது. அந்த நடுக்கம் கேமராவின் அண்மைக் காட்சியில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்றே திருஇருதயப் பேராலயத்தில் ‘ஆசியாவில் திருச்சபை’ என்ற ஆவணத்தில் கையெழுத்திட்டார். முதல் ஆயிரமாண்டில் ஐரோப்பாவிலும், இரண்டாவதில் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஊன்றிய சிலுவை, மூன்றாவதில் ஆசியாவில் பெரும் விசுவாச அறுவடையைத் தர வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருந்தது. ஆவணத்தை முழுதும் படித்தவர் சிலரே. இந்த ஒரு வாக்கியம் மட்டும் எங்கும் பரவிற்று. எதிர்த்தவர்கள் அதையே சான்றாக நீட்டினார்கள். நவம்பர் 7 மாலை விஞ்ஞான் பவனில் பல சமயத் தலைவர்களோடு அமர்ந்து சமயச் சுதந்திரம் பற்றி அவர் பேசியது அந்த அளவுக்கு எட்டவில்லை.

அந்த நவம்பர் 7, தீபாவளி நாள். காலையில் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் திருப்பலி நடந்தது. ஒளியின் விழாவை மறையுரையில் போப் குறிப்பிட்டார். தமிழ் வீடுகளிலோ எண்ணெய்க் குளியல், பலகாரம், பட்டாசு, தனியார் அலைவரிசைகளின் சிறப்பு நிகழ்ச்சிகள். ஒரு தொலைக்காட்சிப் பேட்டியையே அச்சாகக் கொண்டு சுழலும் ‘முதல்வன்’ திரைப்படம் வெளியானதும் அதே நாளில்தான். 1986-ல் மாற்றிப் பார்க்க வேறு அலைவரிசை இல்லை. 1999-ல் ரிமோட் கையில் இருந்தது. போப்பின் திருப்பலியைப் பார்த்தவர் விரும்பித் தேர்ந்து பார்த்தவர். பாராததும் ஓர் எதிர்வினையே என்பதை இக்கருத்தரங்கு கணக்கில் எடுப்பது நல்லது. பாராட்டிலும் கண்டனத்திலும் மட்டும் கவனம் வைத்தால் பெரும்பான்மையோர் விடுபட்டுப் போவார்கள்.

இந்தச் சிக்கல் இந்தியாவோடு நிற்கவில்லை. பிரிட்டனில் 2010 செப்டம்பரில் பதினாறாம் பெனடிக்ட் மேற்கொண்ட பயணமே அந்நாட்டுக்குப் போப் ஒருவர் அரசுமுறையில் சென்ற முதல் பயணம். வரிப்பணச் செலவு, சிறார் மீதான பாலியல் கொடுமைகளில் திருச்சபையின் பொறுப்பு ஆகியவை குறித்து லண்டன் தெருக்களில் ஊர்வலங்கள் நடந்தன. வாதத்தின் வேர் அங்கும் நாட்டுத் தலைவர், சமயத் தலைவர் என்ற அதே இரட்டைத் தகுதிதான்.

தமிழருக்கு மிக நெருக்கமான நிகழ்வு இலங்கையில் நேர்ந்தது. 1995 ஜனவரியில் இரண்டாம் ஜான் பால் கொழும்புக்கு வந்தபோது, பௌத்தம் பற்றி அவர் தம் நூலில் எழுதியிருந்ததால் புண்பட்ட பௌத்தத் தலைமைப் பிக்குகள் பல்சமயச் சந்திப்பைப் புறக்கணித்தனர். இருபதாண்டு கழித்து, 2015 ஜனவரி 13 அன்று போப் பிரான்சிஸ் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினார். ஐந்து நாளுக்கு முன்புதான் தேர்தலில் மகிந்த ராஜபக்ச தோற்று மைத்திரிபால சிறிசேன வென்றிருந்தார். வழியெல்லாம் மக்கள் திரண்டிருக்க, அவர் திறந்த வண்டியில் வெயிலில் நின்றபடியே வந்ததால் நேரம் கடந்து, ஆயர்களுடனான சந்திப்பே கைவிடப்பட்டது. பல்சமயக் கூட்டத்தில் காவி நிறச் சால்வையைத் தோளில் ஏற்றார். மறுநாள் காலை காலிமுகத்திடலில், இலங்கையில் மறைப்பணி ஆற்றிய குரு யோசப் வாஸைப் புனிதராக அறிவித்தார். அன்று மாலை, நிரலில் இல்லாமலேயே மகாபோதி சங்கத்து விகாரைக்கும் போனார். 1995-ன் கசப்பை நினைவில் வைத்திருந்த சிங்களப் பார்வையாளருக்கு அது பெரிய செய்தி.

தமிழரின் கண்ணோ வடக்கே மடு மாதா திருத்தலத்தில் இருந்தது. டெல்லி விளையாட்டரங்கில் திருப்பலி நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 1999 நவம்பர் 20 அன்று, மடுத் திருத்தலத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதா சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அந்தச் சுரூபத்தைத்தான் 2015 ஜனவரி 14 அன்று பிரான்சிஸ் உயர்த்திப் பிடித்து மக்களுக்கு ஆசி வழங்கினார். மடு மன்னார் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. அதன் அப்போதைய ஆயர் இராயப்பு யோசப், போரின் இறுதியில் 1,46,679 பேரின் கதி தெரியவில்லை என்று 2011-ல் அரசின் ஆணைக்குழு முன் கணக்குக் காட்டியவர்.

மடுவில் பிரான்சிஸ் பேசியது போரில் நொந்த குடும்பங்களைப் பற்றியும், மனம் வருந்துவதையும் மன்னிப்பதையும் பற்றியும்தான். உண்மையைத் தேடுவது பழைய புண்ணைக் கீறுவதற்கு அன்று, நீதிக்கும் ஆறுதலுக்கும் அது தேவை என்ற கருத்தை அவர் சொன்னதோ முந்தின நாள் விமான நிலையத்தில், அரசு வரவேற்பின்போது. கோயிலில் நீதியையும் அரசவையில் அன்பையும் எதிர்பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் அரசிடம் சொல்ல வேண்டியதை அரசிடமும், துயருற்றவரிடம் சொல்ல வேண்டியதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறார். மடுக் காட்சியை மட்டும் பார்த்தவருக்குக் காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிய மௌனம் உறுத்தும்; விமான நிலையக் காட்சியையும் சேர்த்துப் பார்த்தவருக்கு அதே பயணம் வேறாகத் தெரியும். மடு நிகழ்ச்சி உள்ளத்தைத் தொடும் காட்சி. விமான நிலைய உரை சம்பிரதாயம் என்று எளிதில் வெட்டப்படுவது. எந்தத் துண்டை ஒளிபரப்புவது என்ற செய்தி ஆசிரியரின் தேர்வு, நீதி பற்றிய ஒரு வாக்கியம் புலம்பெயர்ந்த தமிழரின் வீட்டை எட்டுமா என்பதையே முடிவு செய்தது. இந்த வருகைகளுள் ஆய்வுக்கு மிகவும் வேண்டியது இதுவே.

இவ்வளவுக்கும் தமிழில் முறையான பார்வையாளர் ஆய்வு அருகியே இருக்கிறது. 1987 ஜனவரியில் தொடங்கிய ‘ராமாயண்’ தொடருக்கு மக்கள் காட்டிய எதிர்வினை பற்றி நூல்கள் உண்டு. அதற்கு ஓராண்டு முன் நடந்த போப் வருகைக்கு அத்தகைய கவனம் கிடைக்கவில்லை. தூர்தர்ஷனின் தொடக்ககால ஒளிநாடாக்கள் பல அழிந்தும் போயின. எஞ்சியிருப்பவை நாளிதழ்களின் ஆசிரியர் கடிதங்கள், மறைமாவட்ட இதழ்கள், பார்த்தவர்களின் நினைவு.

அந்த நினைவைத் தேடுவதற்கு நெய்வேலி ஏற்ற களம். இங்குள்ள பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்படுவது பதவியையும் பணிமூப்பையும் பார்த்து. சாதி, சமயம் பார்த்து அன்று. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக் கத்தோலிக்கரும், பக்கத்து வடலூரில் வள்ளலாரின் ஜோதி தரிசனத்துக்குப் போகிறவரும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவரும் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். சாலிடேரோ டயனோராவோ தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று ஒரு வீட்டில் இருந்தால் தெருவே அங்கு கூடிய காலத்தில் அவர்கள் சேர்ந்து பார்த்தது என்ன, பேசிக்கொண்டது என்ன? சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிப்டிலும் ஓடும் ஊரில், 1986 பிப்ரவரி 5 பகலில் பணியில் இருந்தவர்களுக்கு யார், எப்படி அதை விவரித்தார்கள்? இவற்றைக் கேட்டு எழுத இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பணி ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே களப்பணியாளர் குடியிருப்போடு நில்லாமல், அவர்கள் மனை வாங்கிக் குடியேறிய வடலூர், கடலூர், விருத்தாசலம் வரை போக வேண்டியிருக்கும். பலருக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டதால் இந்த வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்குவது அவசியம்.