அரசுப்பணி ஏற்கப்போகும் இளையோர்க்கு

(பாகூர் வட்டாரச் சிற்றூர் ஒன்றில், போட்டித்தேர்வுக்குப் படிக்கும் இளையோர் நடுவே ஆற்றிய உரை)

அன்பார்ந்த தம்பியரே! தங்கையரே! பிள்ளைகளுக்குத் துணையாக வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோரே!

அரசுப்பணி பெறுவது எவ்வாறு என்று பேச என்னை அழைத்தீர்கள். முப்பதாண்டாக அரசின் ஊதியத்தில் உண்பவன் நான். அதனை இகழ்ந்துபேச எனக்குத் தகுதியில்லை. ஏரிநீரை நம்பி உழும் வீட்டில் ஒருவர்க்கு அரசுப்பணி கிடைத்தால் கடன் அடைகிறது. தங்கை மேலே படிக்கிறாள். அதனை விரும்புவது இழுக்கன்று.

வழியைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வாணையம் இல்லை. உயர்நிலைப் பணிகளுக்கு நடுவணரசின் தேர்வாணையமும், எழுத்தர் போன்ற பணிகளுக்கு இங்குள்ள பணியாளர் துறையும் ஆளெடுக்கின்றன. அறிவிப்பை நீங்களே படியுங்கள். இடைத்தரகன் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நிலத்தை அடகுவைத்துப் பணங்கொடுத்து ஏமாந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். பணங்கொடுத்து நுழைபவன் அதனைப் பிறகு யாரிடம் மீட்பான்? இதோ, பின்வரிசையில் இருப்பவர்களிடந்தான்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகட்கு முன், வில்லியனூர்ப் பக்கத்துக் கூலித்தொழிலாளி மூதாட்டி ஒருவர் ஓர் உறையுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். முதியோர் உதவித்தொகை கேட்டுத் தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்கு வந்த மறுமொழி அது. முழுவதும் ஆங்கிலம். பணம் வருகிறது என்று எண்ணி, அதனைச் சாமிபடத்தின் பின்னே காத்துவைத்திருந்தார் அவ்வம்மையார். படித்தேன். அகவைச் சான்றினைப் பதினைந்து நாளில் தரவேண்டும் என்றிருந்தது. நாற்பது நாள் கடந்துவிட்டிருந்தது. அடியில் இருந்த ஒப்பத்தைப் பார்த்தேன், என் மாணவனுடையது. தமிழில் வகுப்பின் முதல்வன் அவன்!

அழைத்துக் கேட்டேன். “ஐயா, முன்னிருந்தவர் விட்டுச்சென்ற படி ஆங்கிலத்தில் இருந்தது, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன்” என்றான். அவன் கெட்டவனல்லன். எவரும் அவனைத் தடுக்கவுமில்லை. அதுதான் என்னை வருத்தியது.

சட்டம் தடையா? இல்லை. 1965-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டப்படி புதுச்சேரியின் ஆட்சிமொழி தமிழ். மாகேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும். ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம் என்று அச்சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்தது. நம்மவர் அந்தக் கதவு வழியாகவே போய்வருகின்றனர். (நம் அலுவலகப் பலகையைப் பாருங்கள்: ‘கொம்யூன் பஞ்சாயத்து’. பிரஞ்சுக்காரன் பாதி, வடவன் பாதி!)

இந்தப் பாகூருக்கு ஒரு செப்பேடு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், இங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களை அளித்த செய்தி அதில் உள்ளது. அரசனின் குலப்பெருமையெல்லாம் வடமொழியில். நாட்டார்க்கு விடுத்த ஆணையும் நிலத்தின் எல்லையும் தமிழில். புகழ்ச்சியை எம்மொழியிலும் பாடலாம். எல்லை எதுவென்பதை உழவனுக்கு விளங்கும்படி சொல்லியாக வேண்டும். ஆயிரத்து நூறாண்டுக்கு முன்னிருந்த எழுத்தனுக்குத் தெரிந்தது, கணிப்பொறி முன் அமர்ந்தவனுக்கு மறந்துபோயிற்று.

தமிழ்நாட்டில் 2021 திசம்பரில் வந்த அரசாணை, தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கிற்று; அதில் நாற்பது விழுக்காடு பெறாதவரின் பிற தாள்கள் திருத்தப்படா. நல்லதே. ஆயினும் என் மாணவன் தொண்ணூறு எடுத்திருப்பான். தேர்வில் எழுதிய தமிழ் கோப்பில் ஏறவில்லையே!

பணியிலிருந்தால் தமிழுக்கு உழைக்கமுடியாது என்பாரும் உளர். பாவேந்தர் பிரஞ்சு ஆட்சியில் 1909 முதல் 1946 வரை அரசுப்பள்ளி ஆசிரியர். பெருஞ்சித்திரனார் அஞ்சல்துறையில் பணியாற்றிக்கொண்டே 1959-இல் ‘தென்மொழி’ தொடங்கினார். உங்களை நான் இதழ் தொடங்கச் சொல்லவில்லை. வரும் விண்ணப்பத்துக்கு, அது வந்த மொழியிலேயே நான்கு வரி விடை எழுதுங்கள் என்கிறேன்.

என் மாணவன் மறுநாளே அவ்வம்மையார் வீட்டுக்குச் சென்று, புதிய விண்ணப்பத்தைத் தானே எழுதிச் சான்றுடன் சேர்த்தான். தொகை வரத் தொடங்கியது; இழந்த திங்கள்களின் பணம் வரவேயில்லை.

வரும் ஞாயிறு மாலை முதல், இதே இடத்தில், அலுவலக மடல் எழுதும் பயிற்சி நடத்த எண்ணியுள்ளேன். ஒரு குறிப்பேடு கொண்டுவாருங்கள். அவ்வம்மையாரின் ஆங்கில மடல் என்னிடம் உள்ளது. முதற்பாடமாக அதனைத் தமிழில் எழுதுவோம்.