தோட்டத்து நாடகக் குழுவின் ஓராண்டு

நாடகம் என்றதும் நமக்கு நினைவு வருவது ஓர் இரவுதான். மேடை, விளக்கு, அரிதாரம், விடிய விடியக் கூட்டம். அந்த ஓர் இரவுக்குப் பின்னே ஓர் ஆண்டே இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் குழு ஓராண்டில் என்ன செய்தது, எதற்காகச் சண்டை போட்டது, எதை இழக்கப் பார்த்தது என்பதை இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

ரப்பர்த் தோட்டங்களில் நாடகத்துக்கு நாள் குறித்தது மரந்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிரும், பால் குறையும். வேலை குறைந்த அந்த நாள்களில் ஒத்திகைக்கு ஆள் சேரும். பங்குனி, சித்திரையில் அம்மன் திருவிழா, அதோடு அரங்கேற்றம். பால் குறைந்தால் கூலியும் குறையும் அல்லவா? ஆகவே விவரம் அறிந்த பெரியவர்கள் நாடக வரியைப் பொங்கலுக்கு முன்பே வசூலித்து வைத்துவிடுவார்கள். காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் என்பதால் ஒத்திகை இரவு பத்து மணியைத் தாண்டாது.

இன்று எங்களைச் சுற்றிலும் செம்பனை. அதற்கு அந்த இலையுதிர் காலம் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் குலைகள் மிகுதியாகப் பழுக்கும். தீபாவளி நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டியதும் அப்போதுதான். பகலெல்லாம் குலை வெட்டிய கை இரவில் அட்டை வாளைக்கூடத் தூக்க மறுக்கிறது. ஆகவே தீபாவளி நாடகத்தை விட்டுவிட்டு, பொங்கலுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். பொங்கலுக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. 1952இல் கோ. சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், பொங்கலை ஒட்டியே சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கொண்டாடப்பட்டது.

பொங்கல் நாடகம் குடியைப் பற்றியது. எழுதியவர் எங்கள் பழைய மாணவர். இப்போது பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. ஒத்திகையின் மூன்றாம் நாளே வம்பு வந்தது. "இது எங்கள் வீட்டுக் கதை, மேடையில் ஏறக்கூடாது" என்று ஒரு குடும்பத்தார் கோயில் கமிட்டியிடம் போய்விட்டார்கள். படித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மனிதர் நடக்கும் நடையைக்கூட அப்படியே எழுதியிருந்தார் தம்பி. நடையை எடுத்துவிட்டோம், புட்டியை எடுக்கவில்லை. கடைசியில் மனைவி வேடத்துக்குச் சேலை கொடுத்தது அந்த வீட்டு அம்மாள்தான்.

திருவிழாவுக்கு அரிச்சந்திரன். இதை எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக ஆடுகிறோம். லோகிதாசனைப் பாம்பு தீண்டும் இடம் வந்தால் தாய்மார்கள் மடியில் இருக்கும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். பாம்பு நடமாடும் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது வெறுங்கதை அல்லவே! முன்பெல்லாம் சந்திரமதியாக ஆண்கள்தாம் வேடம் கட்டினார்கள். இவ்வாண்டு கட்டியவர் பாலர் பள்ளி ஆசிரியை. கண்ணீருக்குக் குறைவில்லை, மீசை மழிக்கும் வேலையும் மிச்சம்.

ஆனால் ஒத்திகை தொடங்கிய அன்று எங்கள் வயிற்றில் புளி கரைந்தது. வசன நோட்டைக் காணோம்! இருந்தது ஒரே ஒரு நோட்டு. அதை வைத்திருந்த குடும்பம் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடி பெயர்ந்தபோது, கறையான் அரித்த பழந்தாள் என்று குப்பையில் போட்டுவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. இத்தனை ஆண்டு பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நாங்கள், ஒரு படி எடுத்து வைத்தோமா?

பழைய அரிச்சந்திரன், ஓய்வு பெற்ற கங்காணி, இன்னும் இருக்கிறார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு போனோம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் அவருக்கு ஒரு வரியும் வரவில்லை. "தாத்தா, எழுந்து நின்று பாடுங்களேன்" என்றாள் ஒரு சிறுமி. எழுந்தார். தோளில் துண்டைப் போட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். அருவி போல் கொட்டியது! பிள்ளைகளால் எழுதி மாளவில்லை. ஒருவன் முதல் அடி, அடுத்தவள் இரண்டாம் அடி என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். பதினொரு மாலைகள் போயிற்று. சொற்பிழை திருத்துவதற்குள் எங்களுக்குத்தான் பாடு. 'மயானம்' என்பதை நால்வரும் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். வகுப்பில் நான்கு வரிக்கு மேல் எழுத மறுக்கும் பையன் ஒருவன் அங்கே இருபத்திரண்டு பக்கம் எழுதினான்.

இப்போது மூன்று படிகள் உள்ளன. ஒன்று பள்ளி அலமாரியில், ஒன்று கோயிலில், ஒன்று கங்காணியாரின் மகள் வீட்டில். மயான காண்டத்தில் சுடலைக் கூலி கேட்கும் பாட்டுக்கு நடுவே நான்கு அடிகள் மட்டும் பெரியவருக்கு எப்படியும் வரவில்லை. அவரோடு சந்திரமதியாக நடித்தவர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு பிள்ளைகளோடும் அங்கே போகிறோம். பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். துண்டையும் எடுத்து வைத்துவிட்டாராம்.